அம்மாவின் விசிறி மறைக்காமல் விட்டது

போன வாரம் ஆற்றோரத்துக் கடை ஒன்றில் தாழை ஓலையில் பின்னிய கைவிசிறி ஒன்றைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால் எடுத்து முகத்துக்கு நேராக இரண்டு வீசு வீசினேன். கடையில் இருந்த மலாய்ப் பெண் ஓடி வந்து, மக்சிக் என்று அத்தை முறை சொல்லிக் கூப்பிட்டு, இது வீசுறதுக்கு இல்ல, சுவத்துல மாட்டுறதுக்கு என்றாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்களாம். காற்று வராத விசிறிக்கு அத்தனை கிராக்கி.

வைக்க மனமில்லாமல் மூக்கருகே கொண்டுபோனேன். புதுப் பாய் விரித்த வீட்டில் பக்கத்து அறையில் யாரோ சோறு வடிப்பது போன்ற வாசனை. மற்றவர்களுக்கு அது என்ன ஞாபகத்தைத் தருமோ தெரியாது. எனக்கு அது தணிக்கை அதிகாரியின் வாசனை. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த அதிகாரி என் அம்மா.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிப்போன செட்டிகளின் குடியிருப்பு. அங்கேதான் என் தோழி தேவி இருந்தாள். சாமி கும்பிடுவதில் அவர்கள் வீட்டை எங்கள் வீடு எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் தேவிக்குத் தமிழ் பேச வராது, அவள் பேசுகிற மலாய்தான் எங்கள் இருவருக்கும் பொது. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். எனக்குப் பத்து வயது. ஊர் முழுக்கக் காகிதக் கொடி, இனி நாமெல்லாம் ஒன்று என்று ஒலிபெருக்கியில் ஓயாத பேச்சு. அந்த வருஷம்தான் டவுனில் இருந்த கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கென்று பொம்மைப் படம் போட ஆரம்பித்தார்கள். கார்ட்டூன் என்ற சொல்லெல்லாம் எங்கள் வாயில் நுழைந்தது பிறகுதான்.

சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், செட்டிப் பிள்ளைகள், நாங்கள், எல்லோரும் ஒரே பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். கையில் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே. படம் ஆரம்பிப்பதற்குள் பாதிக் கடலை காலியாகிவிடும். மீதியைக் கீழே கொட்டிவிட்டு இருட்டில் தேடுவோம்.

தணிக்கை வந்ததற்குக் காரணம் நான்தான். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ ஒரு பூனைப் படம் போட்டார்கள். பெண்பூனைக்கு முறம் முறமாக இமை. அது இடுப்பை வெட்டி வெட்டி நடந்துபோய் ஆண்பூனையின் மடியில் உட்கார்ந்து உதட்டில் முத்தம் கொடுத்தது. ஆண்பூனையின் இதயம் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே துள்ளியது. எனக்கு அந்த நடை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து சிவப்புத் தாளை எச்சில் தொட்டு உதட்டில் தேய்த்துக்கொண்டேன். அம்மாவும் நாலைந்து பெண்களும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நடுவே இடுப்பில் கை வைத்து ஒரு நடை நடந்தேன். அறை விழுந்தது. எந்தக் கன்னம் என்றுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளே அந்தப் படத்தைப் பற்றித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கிளம்பும்போது அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"சர்க்கார் பாத்து அனுப்புன படந்தானே?"

"சர்க்காருக்குப் பொம்பளப்புள்ள இருக்கா?" என்றாள் அம்மா.

கூட்டத்திலும் அதையேதான் கேட்டாள் போலிருக்கிறது. கான்வென்டில் அஞ்சாவது வரை படித்தவள், இங்கிலீஷ் தெரிந்தவள், கூச்சப்படாமல் பேசுகிறவள் என்று அம்மாவையே அந்த வேலைக்கு நியமித்துவிட்டார்கள். படம் ஓட்டும் அறையில் உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கக் கூடாததை மறைக்க வேண்டும்.

ஆப்பரேட்டர் அந்தோணி அண்ணன் நல்ல மனுஷர். சனிக்கிழமை பின்னேரம் அம்மாவுக்காக ஒரு தடவை படத்தைப் போட்டுக் காட்டுவார். அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். 'பூனை, முத்தம் இரண்டு.' 'நாய், குடிவெறி.' 'வாத்துப் பெண், துணி போதாது.' ஞாயிற்றுக்கிழமை அந்த இடங்கள் வரும்போது மறைக்க வேண்டும். முதல் நாள் அந்தோணி அண்ணன் மிஷினின் கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தார், விரலிடுக்கில் முத்தம் தப்பித்து வந்துவிட்டது. அந்த அறையோ அடுப்பு மாதிரி கொதிக்கும். அம்மா கையோடு விசிறி கொண்டுபோயிருந்தாள்.

"அக்கா, வருது வருது, அந்த விசிறியப் புடிங்க!" என்று அவர் கத்தினார். அன்றிலிருந்து விசிறிதான்.

ஓலை பின்னலில் ஓட்டை இருக்குமல்லவா? அம்மா விசிறியை வைத்ததும் திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழும். கொட்டகையே "விசிறி! விசிறி!" என்று கூவும். விசில் பறக்கும். முத்தத்தைக் காட்டியிருந்தால் பேசாமல் பார்த்துவிட்டுப் போயிருப்போம். மறைத்த பிறகுதான் அதற்குள் என்னென்னவோ நடப்பதாக எங்களுக்குத் தோன்றியது.

அதிகாரியின் மகளாக எனக்கு அப்போது வாழ்வுதான். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். நாளைக்கு எத்தனை விசிறி என்று கேட்பார்கள். நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்து நான் சொல்வேன். கைநிறையக் கடலை கிடைக்கும். என் அம்மாவை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அந்த இரண்டு மூன்று மாதங்கள்தான்.

பிறகு சேவல் படம் வந்தது.

நோட்டில் அதற்கு நேராக 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. நானும் வந்தவர்களிடம் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். வெள்ளைச் சேவல் ஒன்று கப்பல் உடைந்து ஒரு தீவில் கரையேறுகிறது. அந்தத் தீவில் கறுப்பு மனிதர்கள். கரிக்கட்டை நிறம், பாதி ரொட்டி அளவுக்கு உதடு, மூக்கில் எலும்பு. பெரிய பானையைச் சுற்றி ஆடுகிறார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண். நாலு பக்கமும் தூக்கிக் கட்டிய சடை, உருட்டி உருட்டி விழிக்கிற கண். சேவல் அவளைப் பிடித்துத் தொட்டிக்குள் போட்டுச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்க்கிறது. தண்ணீர் கறுக்கிறது, சோப்பு கறுக்கிறது, தொட்டி கறுக்கிறது, அவள் மட்டும் அப்படியே இருக்கிறாள். சேவல் கையை விரிக்கிறது. கொட்டகை அதிர்ந்தது.

அன்று அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இரண்டு சடையைத் தூக்கிக் கட்டிவிட்டிருந்தாள். அம்மா நல்ல வெளுப்பு. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். முன்வரிசையிலிருந்து ஒரு பையன் திரும்பி என்னைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் திரும்பின. தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கை என் கைக்குள் குலுங்கியது. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது பின்னால் உயரத்தில், படம் ஓட்டும் அறையின் சின்ன ஜன்னல் வழியாக, இன்னொரு சிரிப்புக் கேட்டது. மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரிக்கிற சிரிப்பு. ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும் அது யாருடையது என்று.

திங்கட்கிழமை பள்ளியில் என் இடத்தில் ஒரு துண்டு துணிச் சோப்பு இருந்தது. நூலால் அறுத்த நேர்த்தியான துண்டு. ஒருத்தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். அன்று மத்தியானத்துக்குள் என் பெயர் போய், மலாயில் சோப்புக்குச் சொல்கிற சாபுன் என் பெயராகிவிட்டது. "ஏய் சாபுன், குளிச்சியா?" என்பார்கள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் என்னைவிடக் கறுப்பு. அது எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரிந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தப் படத்தை மறு ஞாயிறும் போடப் போவதாகக் கொட்டகை வாசலில் தாள் ஒட்டினார்கள். பிள்ளைகள் அவ்வளவு கேட்டார்களாம். நான் அம்மாவிடம் போனேன். சோப்புத் துண்டைக் காட்டினேன். அவள் முகம் மாறியது, அதை நான் பார்த்தேன்.

"யாருடி வச்சா?"

"எல்லாருந்தான். அம்மா, அந்த எடத்துல விசிறிய வச்சிரும்மா. தொட்டி வர்ற எடத்துல மட்டும்."

"சரி, வைக்கிறேன். அழுவாத."

"சத்தியமா?"

என் தலையில் கை வைத்து "சத்தியமா" என்றாள்.

அது போதாதா எனக்கு? மறுநாளே பள்ளியில் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இந்த வாரம் அந்த இடத்தில் விசிறிதான், பாருங்கள் என்று. தேவியிடம் தனியாகவும் சொன்னேன். சோப்பு வைத்தவனிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே நடுவரிசையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

சேவல் கரையேறியது. பானை வந்தது. அவள் வந்தாள். சேவல் அவள் சடையைப் பிடித்துத் தூக்கியது. இதோ, இப்போது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொட்டி வந்தது. சோப்பு வந்தது. திரை பளிச்சென்று ஒரு பொட்டுக்கூட விழாமல் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறியால் தனக்கு வீசிக்கொண்டிருந்தாள்.

"தக் துத்துப்" என்றாள் தேவி, மூடவில்லையே என்று. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அம்மா குடை பிடித்திருந்தாள், நான் அதற்குள் நடந்தேன். பாதி வழியில் கேட்டேன்.

"ஏம்மா வைக்கல?"

"எடுத்தேன்டி. கைல எடுத்தேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்தோணி கேப்பாரு, ஏங்கா இங்க மறைச்சீங்கன்னு. பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. நான் என்னான்னு சொல்றது? முத்தமா, குடியா? எம்மவ கறுப்பு, அதனால மறைச்சேன்னா?"

நான் குடையிலிருந்து விலகி நடுரோட்டுக்குப் போனேன். அம்மா பதறிப்போய்க் குடையை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"ஏய், வெயில்ல நடக்காதடி! இன்னும் கறுத்துப் போவே!"

அன்போடுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கடலைமாவு போட்டு என் முழங்கை சிவக்கச் சிவக்கத் தேய்த்ததும் அன்போடுதான். சேவல் தேய்த்தபோது அவளுக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்று அந்த ரோட்டில் நிற்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வயதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது? பிள்ளைகள் பார்க்கக் கூடாததை மறைப்பதற்கென்றே நியமித்த ஆள் அவள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் மறைத்தாள். எனக்கு ஒன்றே ஒன்று மறைக்கச் சொன்னேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். அம்மா வருஷக் கடைசி வரை அந்த வேலையைப் பார்த்தாள். பிறகு ஞாயிறு காட்சியே நின்றுபோனது. சாபுன் என்ற பெயர் மட்டும் நான் பள்ளியை விட்டு வரும்வரை நிற்கவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை, கல்யாணம் காட்சி எல்லாம் அவள் பார்த்துச் செய்தாள். ஆனால் மனசில் ஒன்று பட்டால் ஓடிப்போய் அவளிடம் சொல்வது அன்றோடு நின்றது. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

கடைசிக் காலத்தில் அம்மா பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் என் தங்கை வீட்டில் படுத்திருந்தாள். ஒரு நாள் பேச்சு கொட்டகைப் பக்கம் திரும்பியது. பூனையின் இரண்டு முத்தம், நாயின் குடிவெறி, எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொல்லிச் சிரித்தாள். நான் மெதுவாகக் கேட்டேன், சேவல் படம் ஞாபகம் இருக்கா என்று. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"எந்தச் சேவல்?"

நடிக்கவில்லை. எனக்குத் தெரியும், அம்மாவுக்கு நடிக்க வராது.

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. கொட்டகையை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். தேவி கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவள், தகவல் இல்லை. சேவலாவது எங்காவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். போன மாதம் தங்கை மகன் சுரேஷும் அவன் மகளும் கிளேபாங்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எட்டு வயதுப் பெண், என் நிறம். பள்ளியில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று உர்ரென்று இருந்தாள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சேவல் கதையைச் சொன்னேன். காட்டுங்க என்றாள். சுரேஷ் கைப்பேசியில் ஒரு மணி நேரம் தேடினான். பூனை கிடைத்தது, முத்தம் உட்பட. சேவல் கிடைக்கவில்லை. கடைசியில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுச் சொன்னான், படத்தை எடுத்தவர்களே எப்போதோ அதைப் பூட்டி வைத்துவிட்டார்களாம், இனி யாருக்கும் காட்டுவதில்லையாம்.

"நல்லதுதானே, பெரியம்மா. மறைச்சிட்டாங்கள்ல?"

நல்லதுதான். சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். ஆனால் எனக்கு வந்தது கோபம். கெஞ்சியபோது ஒருத்தரும் மறைக்கவில்லை. அதைப் பார்த்தவர்களில் என் பக்கத்தில் ஒருத்தரும் மிச்சமில்லாத இந்த நேரத்தில் தேடிப்போனால், யாரையும் கேட்காமல் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

சின்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே அப்படி ஒரு படம் இருந்துச்சா?" என்றாள்.

இருந்தது என்றேன். காட்டுவதற்குத்தான் என்னிடம் எதுவும் இல்லை.