சிமெண்டுக்குள் போன கற்கள்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லுத்தரன் கோயில் வளவுக்குள் நுழைந்ததும் ஈரச் சிமெண்டு வாசனை அடித்தது. மேசன் ஒருவர் முன்பக்கக் கற்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அடைமழையில் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்ட, பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஆற்றிலிருந்து கூடைகளில் கல் சுமந்தார்கள். வாசலின் கூர்வளைவுக்கு ஒரே அளவுக் கற்களாக அப்பா பொறுக்கி அடுக்குவார். ஒருநாள் கல்லொன்று விழுந்து அம்மாவின் கால் பெருவிரல் நசுங்கியது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அம்மா மறுபடியும் ஆற்றுக்கு இறங்கினார். அந்த விரல் கடைசிவரை நிமிரவேயில்லை.

சபைச் செயலாளரிடம் போனேன். "பூச வேணாம் தம்பி. இது எங்கம்மாவும் லயத்து ஆளுங்களும் சுமந்த கல்லு."

"வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டுன கோயில்னுதான் ரெக்கோட்ல இருக்குங்க அக்கா. வர்ற கோயில் விழாவுக்குப் பளிச்சுன்னு இருக்கணும்ல."

"ரெக்கோட் எழுதுனவங்க கல்லு சுமக்கல."

அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீரை நீட்டினார். நான் வாங்கவில்லை. எந்தக் கல் அம்மா சுமந்தது என்று எனக்குமே தெரியாது. அதனால் கடைசிக் கல்லும் மறையும்வரை அங்கேயே நின்று பார்த்தேன்.