பூட்டி வைத்த பெட்டி

கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. என் மடியில் இருந்த மகள் தர்ஷினி திரும்பவே இல்லை. காதருகே கை தட்டிப் பார்த்தேன்; அதற்கும் அசையவில்லை. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது.

அதன்பின் கிள்ளான் பக்கத்தில் எங்கள் ஊரான பண்டமாரானிலிருந்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பஸ் ஏறினேன் என்று எண்ணவில்லை. மூன்று வயது முடிந்ததும் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்செவிக்குள் மின்முனைகளைச் செருகும் அறுவை) செய்தார்கள். வெளியே ஒரு சின்னப் பெட்டி. சத்தத்தை மின்துடிப்பாக மாற்றி உள்ளே அனுப்பும். அதை நெஞ்சில் பட்டை கட்டி மாட்டி, அதன் கம்பி நுனியில் உள்ள வில்லையைக் காதுக்குப் பின்னால் தலையில் ஒட்ட வேண்டும்.

இதே பாதையில் இப்போது நடப்பவர்களுக்கு என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியைத் தீபாவளிப் பட்டுப்பாவாடை மாதிரி வைத்திருந்தேன். பேச்சுப் பயிற்சிக்குப் போகும்போது மட்டும் மாட்டுவேன். வீடு வந்ததும் வேர்வை பட்டுவிடுமே என்று துடைத்து அலமாரியில் பூட்டிவிடுவேன்.

ஐந்து மாதமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுறீங்க?"

"இங்க வர்றப்ப மட்டும்தான் டீச்சர். கெட்டுப் போச்சுன்னா எங்க போறது?"

"ஐயோ அக்கா! கண்ணு முழிச்சதுலேருந்து தூங்குற வரைக்கும் போடணும்லா. பொட்டி கெட்டா ரிப்பேர் பண்ணலாம். பேச்சு பழகுற இந்த வயசு போனா திரும்ப வராது."

கிள்ளான் பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

டீச்சரிடம் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. மாட்டிவிட்டால் நான் வாய் ஓயாமல் பேச வேண்டும். இது தண்ணி, இது வாளி, அம்மா துணி துவைக்கிறேன் என்று, பதிலே வராத பிள்ளையிடம். கழற்றினால் நானும் சும்மா இருக்கலாம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாளிலிருந்து நாள் முழுக்க மாட்டினேன். பேசிப் பேசித் தொண்டை கட்டியது. துறைமுக வேலை முடிந்து வரும் என் கணவர், "நீ ரெஸ்ட் எடு லா, நான் பேசுறேன்" என்பார். ஐந்து நிமிடத்தில் அவருக்குப் பேச்சு தீர்ந்துவிடும்.

மூன்று மாதம் போனது. ஒரு மத்தியானம் அவளைக் குளிப்பாட்டியபின், பெட்டியை மாட்டாமலே சமையலறைத் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் போதும் என்றிருந்தது.

தர்ஷினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். தலையைத் துவட்டி மாட்டிவிட்டேன். மறுபடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவள் காத்திருந்தாள். பிறகு விரலால் என் உதட்டைத் தட்டினாள்.

அவளுக்கு நாலு வயது நெருங்கியிருந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து எண்ணி, காதுக்கு வயது எட்டு மாதம் என்று டீச்சர் எழுதி வைத்திருந்தார். என் கணக்கில் மூன்று மாதம்தான். மீதி ஐந்தையும் நான்தான் பூட்டி வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது, குரல் கரகரத்தது. அவள் மறுபடி தட்டினாள்.

"என்னடி தங்கம்," என்று ஆரம்பித்தேன்.