ஓடாதேன்னு சொன்ன மாஸ்டர்

நீண்ட தூரம் ஓடுகிறவனுக்கு மூச்சுதான் முதல்; மிமிக்ரி செய்கிறவனுக்கும் அதேதான். நான் இரண்டையும் செய்கிறேன், அதனால் எனக்கு எப்போதும் இழுப்புதான். இதைப் படித்து முடிக்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் ஜவாப்தாரி. ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் கால்வலியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஓடி ஓடி, மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் சக நோயாளிகளுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டு பேர், ஒரு இடம்

ஆம்பூரில் எங்கள் பள்ளியிலிருந்து மாவட்டப் போட்டிக்கு, மூவாயிரம் மீட்டர் ஓட ஒருவனைத்தான் அனுப்புவார்கள் என்று ஆகிவிட்டது. போட்டியில் இருந்தது நானும் வசீமும். வசீம் என் தோஸ்த். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் நம்புகிற ரகம். அந்த நேரம் பார்த்து பி.டி. மாஸ்டரை வாக்காளர் பட்டியல் வேலைக்கு வாணியம்பாடிப் பக்கம் போட்டுவிட்டார்கள். போகும்போது எங்கள் இருவருக்கும் ஒரே உத்தரவு: "காலையிலயும் ஓடு, சாயந்திரமும் ஓடு. கிலோமீட்டர் ஏறுனா டைம் தானா எறங்கும்டா. நான் வந்து செலக்‌ஷன் வெக்கிறேன்."

சைக்கிள்

வசீம் என்னைவிட வேகம். அவனை ஓடவிடாமல் செய்துவிட்டால் இடம் எனக்கு. மாஸ்டரின் போனில் சார்ஜ் நிற்காது. எவரிடமாவது வாங்கித்தான் பேசுவார். தெரியாத நம்பர் வந்தால் அது மாஸ்டர் என்று நாங்களே எடுத்துக்கொள்வோம். அண்ணன் போனை எடுத்தேன், குரலைத் தடிமனாக்கினேன். "வசீமு, வாரத்துல மூணு நாள் ஓடுனா போதும். அதுல ஒரு நாள் வேகமா ஓடு. மிச்ச நாள்ல நான் சொல்றதச் செய். நாளைக்கு சைக்கிள எடுத்துக்கினு பள்ளிகொண்டா வரிக்கும் போய்ட்டு வா." மூன்று நாளாவது ஓடட்டும் என்று விட்டது, சந்தேகம் வரக்கூடாதே என்பதற்காக.

மறுநாள் அவன் சைக்கிளில் விசிலடித்தபடி திரும்பி வந்தான். நான் ஓடி முடித்து மைல்கல்லைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். வசீம் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னான்: "உனக்கு சார் போன் பண்ணலியா? உன்மேல அவருக்குப் பாசம் கம்மி போலடா."

கிணறு

தோல் தொழிற்சாலைக் கழிவுத் தண்ணி எட்டாத கிணறு வேண்டுமென்றால், மாதனூர் தாண்டி என் மாமாவின் கொல்லிக்கு, அதாவது நிலத்துக்குத்தான் போக வேண்டும். மாஸ்டர் குரல் அடுத்து அவனை அங்கே அனுப்பியது. "நிறுத்தாம நீச்சலடி. கரையப் புடிச்சா கணக்குல சேராது!" நான் துணைக்குப் போனதுபோல் மேலே உட்கார்ந்து, வீங்கிய காலை நீவிக்கொண்டிருந்தேன். மோட்டார் போட வந்த மாமா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இவன், உள்ளயே சுத்திக்கினு கீறான்? எதையாவது தொலச்சிட்டானா?"

தோல் கட்டு

பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "வசீமு, காலுக்குப் பலம் பத்தல. உங்க சாச்சா கோடவுன்ல தோல் கட்டத் தோள்ல வெச்சிக்கினு மாடிப்படி ஏறு" என்றேன். சித்தப்பா கோடவுனில் அவனும் ஏறினான். லோடு ஏற்றுகிற அண்ணன்கள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். நானோ மாஸ்டரின் அசல் உத்தரவுப்படி காலையும் மாலையும் சர்வீஸ் ரோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். படுத்த பிறகும் கணைக்கால் எலும்பு மட்டும் தனியாக ஓடியது.

அந்த அண்ணன்களில் ஒருவர் வசீமிடம் சொல்லி அனுப்பினாராம்: "உங்க மாஸ்டருக்கு ஒரு கும்புடு சொல்லுப்பா. நாளைக்கு லாரி வருது, இன்னும் ரெண்டு பேர அனுப்பச் சொல்லு."

செலக்‌ஷன்

ஒரு மாதம் கழித்து மாஸ்டர் வந்தார், விசில் ஊதினார். பாதி வரைக்கும் இருவரும் தோளோடு தோள். அப்புறம் வசீம், நான் நின்றுவிட்டதுபோல என்னைத் தாண்டிப் போனான். நிஜமாகவே கிட்டத்தட்ட நின்றுதான் இருந்தேன். அவன் இதுவரை ஓடியதிலேயே குறைந்த நேரம் அது. என் நேரமோ நான் போன மாதம் ஓடியதைவிட மோசம். மாஸ்டர் ஸ்டாப்வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

வசீம் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. "எல்லாம் உங்க பிளான் சார்! சைக்கிள், கிணறு, தோல் கட்டு..."

"எவன்டா சொன்னான் சைக்கிளு?"

"நீங்கதான் சார், போன்ல."

"நான் உனக்குப் போனே பண்ணலியேடா!"

வசீம் மாஸ்டரைப் பார்த்தான். பிறகு திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். என்னால் அடக்க முடியவில்லை. கால் உயிர்போக வலித்தது, சிரிப்பும் பீறிட்டது. அவன் கண் மெல்ல மெல்லப் பெரிதானது. அடிக்க வருவான் என்று நினைத்தேன். அவன் மாஸ்டர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சார், உங்க பேச்சக் கேட்டவன் அதோ காலப் புடிச்சிக்கினு ஒக்காந்துனு கீறான். எனக்கு அந்த டூப்ளிகேட் சாரே போதும். மாவட்டப் போட்டி வரிக்கும் அவரையே போன் பண்ணச் சொல்லுங்க சார்."

அடுத்தவனை ஓடவிடாமல் செய்ய நினைக்கிறவர்கள், முதலில் தாங்களும் வாரத்தில் நான்கு நாள் ஓடாமல் இருந்துவிடுவது நல்லது.