தவறாமல் வருகிறவர்

சிறுபான்மைச் சமயத்தார் நடத்திய பள்ளி அது. பிள்ளையைச் சேர்க்க, தகப்பன் தவறாமல் வழிபாட்டுக்கு வருகிறவர் என்று சான்று வேண்டும். மைக்செட்காரர் இருபது வருடமாக ஒரு வாரமும் விட்டதில்லை. ஆனால் உட்கார்ந்ததெல்லாம் பின்னறையில், ஆம்ப்ளிஃபயர் முன்னால்.

“உன்னை உள்ள ஒருநாளாவது பார்த்திருக்கேனா? எப்படிப்பா கையெழுத்துப் போடுறது?” என்றார் வழிபாட்டுக்கூடச் செயலாளர்.

“நீங்க பேசுறது கடைசி வரிசைக்குக் கேக்குதே, அது யாரு வேலைங்கய்யா?”

“அது மெஷின் வேலைப்பா.”

அடுத்த வாரம் மைக்செட்காரர் சலவைச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். செயலாளர் தொண்டை கிழியக் கத்தியும் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. வழிபாடு பாதியில் இருக்கும்போதே சான்றில் கையெழுத்து விழுந்தது.

“இந்தா. இனி உள்ள வராதேப்பா.”

மகளுக்கு இடம் கிடைத்தது. சாகும்வரை அவர் உள்ளே போகவில்லை.