ஒன்றுவிட்ட தங்கை

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வருவது கடைசி வேலை. பார்வையைச் சோதிப்பவர் டாக்டர். ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூட வந்தவர்கள். லென்ஸ் பொருத்தி முடிந்த பிறகு, கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்காமல், காதைக் கிள்ளாமல் உட்காரவைப்பது அவள் பொறுப்பு. சூடான காற்று ஊதும் சிறிய இயந்திரத்தின் முன் கண்ணாடிக் காலைக் காட்டி, இளகியதும் கட்டைவிரலால் வளைப்பாள். அதற்கு முன் காதை லேசாக மடக்கிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். கட்டிய மனைவிகூடப் பார்த்திராத இடம் அது.

அவளுடைய காதுகள் தலையை விட்டு விலகி நின்றன. அப்படியும் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவாள். குழந்தைகள் வெறித்துப் பார்த்தால், "எல்லாம் ஒட்டுக் கேக்கத்தான்" என்று கண்ணடிப்பாள். அந்தத் துணிச்சல் அண்ணன் கொடுத்தது.

இறந்துபோன அப்பாவின் காது இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே வந்திருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது போல இருக்கிறதென்று, பள்ளிக்கூடத்தில் அவன் பெரிய ஜாடி, இவள் சின்ன ஜாடி. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போடுவார்கள். கட்டைப் பிரித்தால் மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிடலாம். இவளுக்கு அதில் கொள்ளை ஆசை. கட்டிலில் ஏறிப் படுத்தபோதுகூடக் காதுகளை உள்ளங்கையால் அழுத்தி, எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அண்ணனுக்கு ஊசியைப் பார்த்ததும் உடம்பு உதறத் தொடங்கியது.

"எனக்கு வேணாம்மா" என்று அழுதான். அப்புறம் இவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயும் பண்ணிக்காதடி. நீ மட்டும் அழகாயிட்டா நான் தனியா நிப்பேன்ல?"

அவள் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு யாராவது ஜாடி என்று கூப்பிட்டால் அண்ணன் முன்னால் வந்து நிற்பான். "எங்க குடும்பத்து முத்திரைடா இது, உனக்கு இருக்கா?" என்பான். வேலைக்குச் சேர்ந்தபின் ஆபரேஷன் ஆசை அவளுக்கு அவ்வப்போது தலைகாட்டும். அண்ணனை விட்டுவிட்டுத் தான் மட்டும் எப்படி என்று அடக்கிக்கொள்வாள்.

அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குச் சற்று முன்னால், அவன் வேலை விஷயமாக வெளியூர் போய்வந்தான். அதே சமயம் அம்மாவும் ஊர்க் கோயிலுக்கென்று போயிருந்தாள். முடியைக் காது மூடும்படி வளர்த்திருந்தான். "என்ன, மாப்பிள்ளை ஸ்டைலா?" என்று இவளும் கிண்டலடித்தாள். பெண் அமைந்தது. கல்யாணத்துக்காக வாங்கிய புதுக் கண்ணாடியோடு ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான்.

"இத கொஞ்சம் பாரேன். காதுகிட்ட அறுக்குது."

"முடிய ஒதுக்கு."

"அப்படியே பாத்து வளைச்சுக் குடு."

"காதைப் பாக்காம வளைக்க நான் என்ன மந்திரவாதியா?" என்று சிரித்தபடி அவளே முடியை ஒதுக்கினாள்.

காது தலையோடு ஒட்டிக் கிடந்தது. பின்பக்க மடிப்பில் இன்னும் நிறம் மாறாத இளஞ்சிவப்புத் தையல் கோடு. எத்தனையோ பேர் காதுக்குப் பின்னால் அவள் பார்த்திருக்கும் கோடுதான்.

"ஊசின்னா பயந்தியே."

"மரத்துப்போக வச்சிட்டாங்க. ஒண்ணும் தெரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ என்ன நினைப்பியோன்னு..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் மேஜைமேல் இருந்த ஃபிரேம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அம்மாதான் கூட வந்தாங்க."

அவள் கண்ணாடிக் காலைச் சூட்டில் காட்டினாள். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, மிச்சத்தையும் சொல்லிவிட்டான்.

"கல்யாணத்தன்னிக்கு முடிய இறக்கி விட்டுக்கோ. அப்புறம், பொண்ணு வீட்ல நீ என் சித்தி பொண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். போன்ல உன் போட்டோவைப் பாத்துட்டு அவங்கம்மா, இந்தக் காது குடும்பத்துல வருமான்னு கேட்டாங்க. பொறக்கப்போற குழந்தைக்கு வந்துடுமோன்னு அவங்களுக்குப் பயம். வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். ஒண்ணுவிட்ட தங்கச்சின்னாலும் தங்கச்சிதானே?"

"அப்போ அம்மா எனக்கு யாரு? பெரியம்மாவா?"

"கிண்டல் பண்ணாதடி."

"கிண்டல் இல்ல. மண்டபத்துல எப்படிக் கூப்பிடணும்னு கேக்கறேன்."

கோணலாக வளைத்துக் கொடுத்துவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கை கேட்கவில்லை. ஒட்டிய காதுக்கு ஏற்றபடி வளைத்து, அவன் முகத்தில் மாட்டி, தலையை ஆட்டச் சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. "அடுத்தவங்க வரலாம்" என்று குரல் கொடுத்தாள்.

வீட்டில் அம்மா கல்யாணப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அன்னிக்கு நான் இறங்கி வந்தது அவனுக்காகம்மா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டி. இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? அவன் வாழ்க்கை நல்லா அமையட்டும். ஒரு நாள் பல்லைக் கடிச்சிட்டு இருக்கக்கூடாதா?"

"உன்னைப் பெரியம்மான்னு கூப்பிடணுமாம். கூப்பிடவா?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அடிக்கக் கையோங்கினாலும் பரவாயில்லை என்று நின்றாள். அம்மா புடவையின் மடிப்பை நீவிவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னாள்:

"அன்னிக்கு மட்டும்."

கல்யாணத்தன்று அவள் கொண்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். நாள் முழுக்க வேலை நெட்டி வாங்கியது. பெண் வீட்டில் யாரும் அவளைத் தேடவில்லை. ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வரவில்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?