ஏன்வரலை மேடம்

பள்ளிக்கூட அலுவலகத்தில் அவருடைய மேசை ஜன்னலோரம் இருந்தது. காலை ஒன்பதேகால் ஆனதும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வருகைச் சீட்டு வந்து குவியும். அன்றைக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே கேள்வி: "இன்னிக்குப் பிள்ளை ஏன் வரலை?" அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஏன்வரலை மேடம். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் ஆறாம் வகுப்புப் பொடிசு ஒன்று ஒருநாள் நேருக்கு நேராகவே, "குட் மார்னிங், ஏன்வரலை மேடம்" என்று வணக்கம் வைத்துவிட, அவர் சிரித்த சிரிப்பில் குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

வாய் ஓயாத மனுஷி. ராங் நம்பர் விழுந்தால்கூட, அந்த வீட்டில் யாருக்கு மூட்டுவலி என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வைப்பார். "நீ பேசற பேச்சுல அந்தப் போனுக்கே காது வலிக்கும்" என்பார் கணவர். "உங்க காது இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்று பதில் வரும்.

ஒரு தடவை மருத்துவமனையிலிருந்து ஆலோசகர் ஒருத்தி வந்து, ஊழியர்கள் எல்லோருக்கும் அரை நாள் வகுப்பு எடுத்தாள். வளரும் பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வந்தால் எப்படிக் கண்டுகொள்வது, என்ன செய்வது என்று. "சந்தேகம் வந்தா சுத்தி வளைக்காம நேரா கேட்டுடுங்க. நீங்க கேட்டதால அந்த நெனைப்பு புதுசா வந்துடாது" என்றாள். இதெல்லாம் டீச்சர்களுக்குச் சொல்வது, நமக்கில்லை என்று மேடம் கடைசி வரிசையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். எந்நேரமும் விரலில் வண்ணம் ஒட்டியிருக்கும் என்பதால் தோழிகள் அவளைப் 'பிரஷ்' என்று கூப்பிடுவார்கள். கையிலிருந்த பெரிய பெயின்ட் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், இதை யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன், புதுசு வாங்கப் போறியா?"

"இல்ல மேடம். எனக்கு இனிமே தேவைப்படாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு மேடத்துக்கு என்னவோ செய்தது. அவள் விரல்களைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. இரண்டு மாதத்தில் எட்டு நாள் இவள் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டு முறையும் "தலைவலிங்க" என்று அவளுடைய அம்மா சொன்னதும், தான் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போனதும் ஞாபகம் வந்தது.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் இரும்மா." எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைக்காதே. செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

அவள் தரையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

'உனக்கு என்ன குறை, அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா' என்று மேடத்துக்கு ஆயிரம் வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். போன் அடித்தது. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் பேசாமல் விட்ட முதல் அழைப்பு அது.

"சொல்லு தங்கம். நான் கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்."

விட்டு விட்டுத்தான் சொன்னாள். கூடவே இருந்த தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்களாம். ஆனால் அது மட்டும் இல்லை. பல மாதமாகவே தூக்கம் இல்லை, எதுவும் பிடிக்கவில்லை. "வரையறதுகூடப் பிடிக்கலை மேடம். நான் இல்லைன்னா வீட்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுது." சொல்லி முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"அந்த ஒரு சத்தியம் மட்டும் என்னால பண்ண முடியாது கண்ணா. ஆனா உனக்குத் தெரியாம யார்கிட்டயும் பேச மாட்டேன். உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பேசுவேன்."

தலைமையாசிரியைக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டார். ஆயிரக்கணக்கான வீடுகளோடு பேசிய அந்த வாய்க்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. "உடனே வாங்கம்மா. பிள்ளை என் பக்கத்துலதான் இருக்கு, பத்திரமா இருக்கு" என்பதையே மூன்று தடவை சொன்னார். அவர்கள் வரும்வரை அவளை விட்டு ஒரு அடி நகரவில்லை.

அம்மாவுக்குப் பின்னாலேயே அச்சகத்திலிருந்து அப்பா கையெல்லாம் மையோடு ஓடி வந்தார். "நாங்க என்னங்க குறை வச்சோம்?" என்று உடைந்துபோனார்.

"நீங்க குறை வச்சதாச் சொல்லலைங்க. பிள்ளைக்கு மனசுல வலி இருக்கு. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போறோம் இல்லையா, அப்படி நினைச்சுக்குங்க. இப்பவே போகலாம், நானும் வர்றேன்."

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் சொன்னபடி வீட்டில் ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். அவளைத் தனியே விடவில்லை. அன்றிரவு தன் வீட்டுக்கு வந்த மேடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதார். "எட்டு தடவை தலைவலின்னு எழுதினேங்க" என்று அதையே சொன்னார். கணவர் அன்று எதுவும் கிண்டல் செய்யவில்லை. "ஒன்பதாவது தடவை விடலையே" என்று மட்டும் சொன்னார்.

ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளிக்குத் திரும்பி வந்தபின் பிரஷ் ஒரு மாதம் மேடத்தின் முகத்திலேயே முழிக்கவில்லை. ஒருநாள் வராந்தாவில், "நீங்க காட்டிக் குடுத்துட்டீங்க" என்றாள். "ஆமா. கோபமா இரு, எத்தனை நாள் வேணும்னாலும் இரு. இருந்தாப் போதும் எனக்கு" என்றார் மேடம். அவள் விறுவிறுவென்று வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனால் மறுவாரம் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மேடத்தின் வேலையும் கொஞ்சம் மாறியது. இப்போதெல்லாம் "ஏன் வரலை?" என்பதோடு விடுவதில்லை. "பிள்ளை சரியாத் தூங்குதா? உங்ககிட்ட பேசுதா?" என்றும் கேட்கிறார். பத்து மணிக்கு முடிய வேண்டிய வேலை பதினொன்றாகிறது. தலைமையாசிரியை முதலில் முணுமுணுத்தார். அந்த அழைப்புகளால் இன்னும் இரண்டு பிள்ளைகள் ஆலோசகரிடம் போய்ச் சேர்ந்தபிறகு முணுமுணுப்பு நின்றது.

பிரஷ் இப்போது பதினொன்றாம் வகுப்பு. மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறாள். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. கெட்ட நாளில் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இன்னிக்குச் சரியில்ல மேடம்" என்பாள். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவளுடைய அம்மாவுக்குப் போன் போடுவார். அம்மா வந்து சேரும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க முயற்சி செய்வார். அது மட்டும் இன்னும் அவருக்குக் கைவரவில்லை.

"மேடம், நீங்க பேசாம இருக்கறதைப் பார்த்தா எனக்குத்தான் பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க" என்றாள் பிரஷ், போன வியாழக்கிழமை.

அம்மா வந்து சேர்ந்தபோது, ராங் நம்பர்காரர் ஒருவரின் மூன்றாவது மருமகள் கதை பாதியில் இருந்தது. முடிவைக் கேட்காமல் அம்மாவும் பெண்ணும் கிளம்பவில்லை.