மயிலாத்தாள் பரிந்துரைக்காத புத்தகம்

மயிலாத்தாள் மேடம் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் மூலம் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகையில் சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். எதிரே, நகைக்கடைச் சுவரை ஒட்டி 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு பேனர். அதில் நீல உடையும் பளபளக்கும் இடுப்புப் பட்டையும் அணிந்த, மார்பு புடைத்த ஒரு மல்லனின் உடல். அந்தக் கழுத்தின்மேல் மேடத்தின் முகம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பெரிய பொட்டு, கல்லூரி அடையாள அட்டையில் இருந்த அதே முறைப்பு. முதுகில் சிவப்புத் துணி ஒன்று பறந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மறுபடியும் பார்த்தேன். அவரேதான்.

பேனரின் கீழ்ப்பகுதியில் கோவை காமிக்ஸ் வாசகர்கள் தங்கள் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். துக்க பேனரில் பாதிப்பேர் கூலிங் கிளாஸ் அணிந்திருந்தார்கள். அதற்கும் கீழே 'பிரளய வீரர்கள்' தமிழ்ப் பதிப்பின் அட்டைப்படம். பக்கத்தில், 'மேடம் பரிந்துரைத்த நூல். "உழைப்பு அபாரம்" – பேராசிரியர் மயிலாத்தாள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முகத்தை ஒட்டியதைக்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். அந்த வரி அறியாமையில்லை.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். மாரடைப்பு. எரித்துக் காரியமும் முடிந்துவிட்டது. எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து மேடத்தையும் என்னையும் ஒரே நாளில் நீக்கியவர்கள் அவர்கள். நீக்கியவர்களுக்குத் துக்கம் தெரிவிக்கும் உரிமை இருக்கிறது. எனக்குச் செய்தி தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை. இந்த ஊர் இப்படித்தான்.

மேடம் எங்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நான் ஆங்கிலத் துறை. துறைத்தலைவர் பதவி என்னைத் தாண்டி யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பதை வேறு இடத்தில் எழுதுவேன். ஒரு நாள் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுக்கு நடுவே ஒரு காமிக்ஸை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர், "ஏனுங்க தம்பி, அந்த மலைமேல் சாமி கம்பெனி புக்கையா ஒளிச்சு வெச்சுப் படிக்கறீங்க? ஒளிக்க வேண்டியதுதான்" என்றார். அதுவரை அவர் எனக்கு வணக்கம் மட்டும் சொல்லிவந்த, பேருந்தைப் பிடிக்க எப்போதும் அவசரப்படுகிற ஓர் அம்மா. அன்று அவர் பேருந்தை விட்டுவிட்டார்.

சூப்பர் ஹீரோ கதைகள் போடும் பெரிய அமெரிக்கப் பதிப்பகங்கள் இரண்டு. பெயர் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் முதலாவதின் ஆள். அதன் நாயகர்கள் தெய்வங்களைப் போன்றவர்கள். அவர்கள் காக்கும் நகரங்கள்கூட வரைபடத்தில் இல்லாதவை. இதைத்தான் அவர் 'மலைமேல் சாமி கம்பெனி' என்றார். இரண்டாவது அவருடையது. அதன் நாயகர்கள் உண்மையான நகரத்தில் நெரிசலான அடுக்ககங்களில் குடியிருப்பார்கள். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவார்கள். அதை அவர் 'வாடகை வீட்டுக் கம்பெனி' என்பார். "உங்காளு மேல இருந்து பாக்கறான். எங்காளுக்குப் பல்லு வலிக்குது. யாரு கதைய நான் படிக்கறது?" என்று கேட்டார். நானும் விடவில்லை. எங்கள் கம்பெனியில் தொடக்கமும் முடிவும் உள்ள தனித் தொகுதிகள் கிடைக்கும். அவருடைய கம்பெனியில் ஒரு கதை முடிய வேறு ஆறு தொடர்களை வாங்க வேண்டியிருக்கும் என்றேன். "அது உண்மைதானுங்க. அது அவனுங்க கொள்ளை" என்று உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளத் தெரிந்தவரோடு சண்டை போடுவது எவ்வளவு சுகம் என்று எங்கள் கல்லூரியில் வேறு யாரிடமும் நான் அறிந்ததில்லை.

ஒரு புத்தகத்தை எடைபோட அவர் ஒரு வழி வைத்திருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சின்னச் சின்ன முட்டை வடிவங்களாக வெட்டி வைத்திருப்பார். படத்தில் ஆட்கள் பேசும் குமிழிகளின் மேல் அவற்றை வைத்து மூடிவிட்டு, வெறும் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போவார். யார் யாரிடம் கோபமாக இருக்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று படத்திலேயே தெரிந்தால்தான் அட்டைகளை எடுத்துவிட்டு வசனத்தைப் படிப்பார். எங்கள் கம்பெனியின் பேர்பெற்ற தொகுதி ஒன்றை இப்படி மூடிப் பார்த்துவிட்டு, "எல்லாம் செலையாட்டம் நிக்குதுங்க. பேச்ச எடுத்துட்டா மியூசியம்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் நானும் விரலால் மறைத்துப் பார்த்தேன். மியூசியம்தான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "கம்பெனியப் படிக்காதீங்க, முதல் இதழத் தேடி அலையாதீங்க. எழுதறவங்க, வரையறவங்க பேரப் பாத்துப் படிங்க." வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது எவனும் குறித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியது யாரோடு யார் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பது. ஞாயிறுதோறும் அதைத்தான் பேசினார்கள். பொம்மை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து, அதைப் படம் எடுத்துப் போட்டார்கள்.

'பிரளய வீரர்கள்' விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி வெளியிட்ட மகா தொகுதி அது. பக்கத்துக்குப் பக்கம் நாயகர்கள் கூட்டமாகச் சாவார்கள். அடுத்த வருடமே எல்லோரும் உயிரோடு வந்துவிடுவார்கள். தனபால் என்பவர் அதைத் தமிழில் கொண்டுவந்தார். வட்டத்தை நடத்துவதும் அவரே என்பதால் வெளியீட்டு விழாவில் கைத்தட்டலுக்குக் குறைவில்லை. மேடத்தை ஏன் பேசக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. பேராசிரியர் என்ற பட்டத்துக்காக இருக்கலாம். அவர் எழுந்து, "வரைஞ்சவரோட உழைப்பு அபாரமுங்க. அத்தனையும் வீண். செத்தவன் அடுத்த வருசம் எந்திரிச்சு வந்துருவான்னா, இதுல நிக்கறவங்க எதுக்குங்க அழுகறாங்க? யாரும் வாங்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் மட்டும் கைதட்டினேன். அன்று மாலையே எங்கள் இருவரையும் குழுவிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பேச்சில் இருந்து நறுக்கி எடுத்த இரண்டு சொற்கள்தான் அவருடைய சாவு பேனரில் இருந்தன.

மறுநாள் கருமத்தம்பட்டிக்குப் போனேன். அவர் கணவர் நாச்சிமுத்து அங்கே வீட்டை ஒட்டித் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். தறி ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க தம்பி, ஊட்டுக்குள்ள வாங்க. சும்மா ஒக்காந்திருக்க முடியலீங்க, அதான் ஓட்டிப்போட்டேன்" என்றார். பேனரைப் பற்றி நான் பேச்செடுப்பதற்குள் அவரே கைபேசியில் அதன் படத்தைக் காட்டினார்.

"பாத்தீங்களா? ரோட்டுல போறவாரவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்களாமா. நம்ம பக்கம் ஒரு பொம்பளைக்கு இப்பிடி யாரு வெச்சிருக்கறா? மொதுகுல அந்தத் துணி பறக்கறது பாருங்க, என்ன அழகு."

துணி ஒரு பக்கம் பறக்க, தலைமுடி ஒன்றுகூட அசையாத அந்தப் படத்தை மேடம் பார்த்திருந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் கேட்டிருப்பார். அதை நான் நாச்சிமுத்துவிடம் சொல்லவில்லை. மனைவியை இழந்தவரின் மகிழ்ச்சியைப் பிடுங்குவதற்காக நான் அங்கே போகவில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் சும்மா இருக்க முடியவில்லை. தனபால் அன்று வரப்போகிறாராம். 'பிரளய வீரர்கள்' புத்தகத்துக்கு மேடத்தின் நினைவுப் பதிப்பு போடுகிறாராம். உள்ளே அவர் படமும் அவர் பரிந்துரையும் வருமாம். சம்மதம் கேட்டிருக்கிறார். "குடுத்துறலாம்னு இருக்கறேன். பேரு நிக்குமில்லீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனபால் வந்துவிட்டார். ஒரு பை நிறைய ஆப்பிளோடு, கறுப்பு டி-சர்ட்டில். மார்பில் எங்கள் கம்பெனி நாயகனின் சின்னம். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"சாரும் இருக்கறீங்களா. நல்லதுங்க. ஐயா, மேடம் பேரு இந்தக் கோயமுத்தூர் இருக்கற வரைக்கும் நிக்கோணுமுங்க. நீங்க செரின்னு சொன்னாப் போதும்."

"மேடம் அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம் என்று சொன்னார்" என்றேன்.

"சார், செத்தவங்க விசயத்துல இப்ப எதுக்குங்க அதெல்லாம்?"

நாச்சிமுத்து தனபாலைப் பார்க்கவில்லை. "தம்பி, அவ என்ன சொன்னா? அப்பிடியே சொல்லுங்க" என்றார் என்னிடம்.

நான் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடிக்கையில் என் குரலில் இருந்த வன்மம் எனக்கே கேட்டது. அதற்காக வருந்தவில்லை.

"அபாரம்னு சொன்னது நெசந்தானுங்களே. நாங்க ஒண்ணும் புதுசா எழுதலையே" என்றார் தனபால்.

நாச்சிமுத்து எழுந்து போய்த் தறியை நிறுத்திவிட்டு வந்தார். சத்தம் நின்றதும் வீடு பெரிதானது போல இருந்தது.

"நான் புதுசா ஒரு பீஸ் நெய்ஞ்சு கொண்டாந்து காட்டுவனுங்க. ஓரம் செரியில்லைன்னு சொல்லிப்போட்டுத்தான் டீயக் கைல வாங்குவா. கல்யாணமான நாள்ல இருந்து அப்பிடித்தான். எனக்கு எத்தனையோ நாள் ஆத்திரம் வந்திருக்குது. ஒரு தடவைக்காச்சும் நல்லாருக்குதுன்னு பொய் சொன்னா என்னன்னு கேட்டிருக்கறேன். சொல்லமாட்டாளுங்க." தனபால் பக்கம் திரும்பினார். "உசுரோட இருக்கறப்ப என்ர சந்தோசத்துக்கே அவ சொல்லாத பொய்ய, செத்ததுக்கப்பறம் உங்களுக்காகச் சொல்ல வெக்காதீங்க. அவ பேரு வேண்டாமுங்க. ஆப்பிள எடுத்துக்குங்க."

தனபால் பழப்பையை எடுத்துக்கொண்டு போனார். பேனரையும் இறக்கச் சொல்லுங்கள் என்று நான் நாச்சிமுத்துவிடம் கேட்டேன். அவர் கைபேசியை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். "அது இருக்கட்டுமுங்க தம்பி. அந்தப் புஸ்தகத்த மட்டும் வெட்டியெடுக்கச் சொல்லிப்போட்டேன்னா போதும்" என்றார். அப்படியே செய்தார்கள். இப்போது அந்தச் சிக்னலில் மல்லன் உடம்போடும், கீழே சதுரமான ஓட்டையோடும் அவர் நிற்கிறார். எனக்கு அருவருப்பு தீரவில்லை. வேறு வழியாகப் போய்வருகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கும், பேனரைப் பார்த்து அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் உண்மையிலேயே கையில் திணித்துப் படிக்கச் சொன்னவை வேறு. மூட்டுவலியோடு பேருந்தில் போய்த் திருடனைப் பிடிக்கிற 'ஓய்வுபெற்ற மின்னல்'. மீனவக் குப்பத்தை விட்டு வெளியே போனால் சக்தி போய்விடுகிற பெண்ணின் கதையான 'உப்புக் காவல்'. இரண்டுமே சின்னப் பதிப்பகங்கள் போட்டவை. அவருடைய கம்பெனியில் 'மூன்றாம் மாடிக்காரன்', அதுவும் முதல் தொகுதி மட்டும். "ரெண்டாவதுல காசுக்கு எழுத ஆரம்பிச்சுட்டானுங்க" என்பார். எங்கள் கம்பெனியிலிருந்து ஒன்றும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது குறித்த சவால் ஒன்றுதான். ஓய்வு பெற்ற நாளில், விழா மேடையில் போட்ட பொன்னாடையை மடித்துக்கொண்டே கேட்டார்: "உங்க கம்பெனியில பயப்படற ஒருத்தனக் காட்டுங்க தம்பி. நெசமாப் பயப்படணும். காட்டினீங்கன்னா ஒத்துக்கறேன்." அதற்குப் பிறகு நான் தேடாத தொகுதியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் கிடைத்தது. மலையைத் தூக்குகிற ஒருவன் ஆஸ்பத்திரி வார்டின் கதவைத் தள்ளத் துணியாமல் நிற்கிறான். உள்ளே அவன் தாய். வசனம் கிடையாது, அவன் கை மட்டும் பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. பயம்தான், சந்தேகமில்லை. அவர் ஒத்துக்கொண்டிருப்பார். ஒத்துக்கொண்ட கையோடு அந்தப் படத்தில் ஒரு குறையும் சொல்லியிருப்பார். நானும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அந்தக் குறை என்னவென்று எனக்குத் தெரியவில்லை.